மிச்சம் பிடித்த டீசல்

1

காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். பெயிலாகிவிட்டது.

இங்கே நோர்வேயில் பழைய கார் வைத்திருப்பவர்கள் குறித்த காலத்துக்கு ஒருமுறை அதை ஒரு கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். விளக்கு எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, அடித்தட்டு துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்தும் நிமிர்ந்தும் பார்ப்பார்கள். கடைசியில் சைலன்சர் குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகி, ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்து, வருகிற புகையை அளப்பார்கள். பெயிலானால் திருத்திக்கொண்டு திரும்ப வரத் தவணை தருவார்கள். தவணை தாண்டினால் வண்டி வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பார்த்தது ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். முடியை உச்சியில் கொண்டை போட்டு, முழங்கை வரை எண்ணெய்க் கறையோடு நின்றாள். நான் வழக்கம்போல அவளை "சேர்" என்று கூப்பிட்டுவிட்டேன். என்ன செய்ய, இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கரய்யா முன்னால் நின்று பழகிய வாய். இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பேர்கன் நகரத்து மழையில் நனைந்தும் அந்தச் சேர் மட்டும் கரையவில்லை. அவள் சிரித்துவிட்டுத் தன் பெயரைச் சொல்லி, அப்படிக் கூப்பிட்டால் போதும் என்றாள். முன்பின் தெரியாத ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வரவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசி முடித்தேன்.

"இந்தக் காரை யார் ஓட்டுவது?" என்று கேட்டாள்.

"என் புருஷன் ஓட்டினார். இப்போது நான்."

"எப்படி ஓட்டுவீர்கள்? ரொம்ப மெதுவாகவா?"

எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. எண்ணெய் மிச்சம் பிடித்து ஓட்டுவோம், எப்போதும் மேல் கியர்தான், எஞ்சினை இரைய விடவே மாட்டோம், இறக்கம் வந்தால் நியூட்ரல்தான் என்று எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் அடுக்கினேன். அவள் பாவமாகப் பார்த்தாள். அதுதான் இந்த வண்டியின் வியாதி என்றாள்.

டீசல் எஞ்சினை மேல் கியரில் போட்டு முனக முனக ஓட்டினால் எண்ணெய் மிச்சமாவது உண்மைதானாம். ஆனால் அந்த வேகத்தில் எஞ்சினுக்குப் போதுமான காற்று போகாது. எண்ணெய் அரைகுறையாக எரியும். அரைகுறையாக எரிந்தது கரியாகி உள்ளேயும் குழாயிலும் அப்பிக்கொள்ளும். கொஞ்சம் ஓங்கி மிதித்தால் அது கரும்புகையாக வெளியே வரும். இப்போது வருகிற டீசல் கார்களில் கரியைப் பிடித்துக்கொள்ள வடிகட்டி உண்டு, இது பழசு, இதில் கிடையாது. நியூட்ரல் விஷயத்தைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறக்கத்தில் கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால் எஞ்சினுக்கு எண்ணெய் போவதே நின்றுவிடுமாம். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க எண்ணெய் குடிக்குமாம். "நீங்கள் இறக்கத்தில் ஒரு சொட்டுகூட மிச்சம் பிடிக்கவில்லை" என்றாள்.

அந்தப் பெண் நல்ல பெண். என்னைக் கேலி செய்ய அவள் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் இறந்து வருகிற வாரம் ஒரு வருடம். படையலுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்ய மாவு வாங்கிக் காரின் பின்சீட்டில் வைத்திருந்தேன்.

இந்தப் புகையை முன்னிட்டுத்தான் அவருக்கும் எங்கள் மகள் தாரணிக்கும் சண்டை வந்தது. அந்தச் சண்டை முடியாமலே அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் இந்தக் காரில் ஏறவே இல்லை.

2

அவர் பெயர் ராமையா. நமுனுகுலப் பக்கத்து ஆட்களில் வயதானவர்களுக்கு "வேன் ராமையா" என்றால் இன்றும் தெரியும்.

பதுளை பசாரில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருந்த ஒரு முதலாளியின் வேனை அவர் ஓட்டினார். ஒரு நாள் லுணுகலைப் பக்கம், மறுநாள் நமுனுகுலப் பக்கம் என்று தோட்டத்துக் கடைகளுக்கு மாவும் பருப்பும் கருவாடும் ஏற்றிப் போவார். முதலாளி ஒவ்வொரு நடைக்கும் அளந்துதான் டீசல் அடித்துக் கொடுப்பார். மற்ற டிரைவர்மாருக்கு அது காணாது என்று சண்டை. இவருக்கு மட்டும் மிச்சம் வரும். நமுனுகுல மலையில் ஏறும்போது காலைப் பூப்போல வைப்பார். இறங்கும்போது எஞ்சினையே நிறுத்திவிட்டு, பசறை வரை வேனைச் சும்மா உருள விடுவார். பிரேக் கல்லாகிவிடும், ரெண்டு காலாலும் மிதிக்க வேண்டும். இதைப் படிக்கிற தம்பிமார் யாராவது எல்ல ரோட்டில் இதைச் செய்து பார்த்தால் நான் பொறுப்பில்லை, சொல்லிவிட்டேன்.

மிச்சப்பட்ட டீசலை மற்றவர்கள் விற்பார்கள். இவர் தாங்கியிலேயே விட்டுவைப்பார். தோட்டத்தில் யாருக்காவது சுகமில்லாமல் போனால் லொறி கொழுந்து ஏற்றப் போயிருக்கும், டிஸ்பென்சரியில் மருந்துத் தண்ணிக்கு மேல் ஒன்றும் இருக்காது. அப்போது லயத்து வீடுகளில் இருக்கும் ஆட்கள் இவரிடம்தான் ஓடி வருவார்கள். மூட்டைகளை இறக்கிவிட்டு ஆளை ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிடுவார். முதலாளியிடம் கேட்க மாட்டார். வண்டி அவருடையதுதான், ஆனால் மிச்சம் பிடித்தது என் காலு என்பார்.

நான் அவரை முதலில் பார்த்ததே அந்த வேனுக்குள்தான். என் அண்ணிக்குப் பிரசவ வலி. விடிய பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போன அண்ணன் மலையில் நின்றான். நான்தான் அண்ணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வெங்காயச் சாக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். அண்ணி வழியெல்லாம் கூச்சல் போட்டாள். நமுனுகுல தாண்டி ரெண்டு வளைவு இறங்கியதும் எஞ்சின் சத்தம் பட்டென்று நின்றது.

"அண்ணே! வேன் நின்னுருச்சா?" என்று அலறினேன்.

"நிக்கல தங்கச்சி, தூங்குது. பசறையில எழுப்பிக்கிறேன்."

"ஐயோ, இது வெளையாடுற நேரமா?"

"வெளையாடல. இப்ப மிச்சம் புடிச்சாத்தான் பசறை தாண்டி ஏத்தம் ஏற எண்ணெ இருக்கும். நீங்க அண்ணியப் பாத்துக்கங்க, வேன நான் பாத்துக்கிறேன்."

அப்புறம் சத்தமே இல்லை. டயர் உருளும் சத்தம், மூட்டைகள் உரசும் சத்தம், அண்ணியின் மூச்சு. கூச்சல் போட்டவள்கூட அந்த அமைதியில் கொஞ்சம் அடங்கினாள். பதுளையில் அண்ணிக்குப் பையன் பிறந்தான். இப்போது அவன் எல்லயில் சுற்றுலாக்காரர்களுக்கு ஆட்டோ ஓட்டுகிறான்.

முதலாளிக்கு விஷயம் தெரிந்துபோனது. மறுநாள் இவரைக் கூப்பிட்டு நிறுத்திவைத்து மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாராம். சீட்டைக் கிழிக்கப்போகிறார் என்று இவர் நினைத்தாராம். "பிள்ளத்தாச்சிய ஏத்துனா சாக்க மாத்திப் போடுடா மடையா, வெங்காயத்த யாரு வாங்குவா?" என்று மட்டும் சொன்னாராம். அதை இவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

நான் அண்ணே என்று கூப்பிட்ட ஆளையே அடுத்த வருடம் கட்டிக்கொண்டேன். சாகும் வரை அதை வைத்து என்னை வம்புக்கு இழுத்தார். கோபம் வந்தால் "என்ன தங்கச்சி?" என்பார், என் கோபம் போய்விடும்.

3

இங்கே வந்த கதை பெரிய கதை, அதைப் பேச இது இடமில்லை. வந்தபோது அவருடைய லைசென்ஸ் செல்லாது என்றுவிட்டார்கள். நமுனுகுல வளைவுகளில் வேனைத் தூங்க வைத்து இறக்கிய மனுசன், முதலிலிருந்து ஓட்டப் பழக வேண்டும். விண்ணப்பம், கண் பரிசோதனை, பாடம், வழுக்குகிற ரோட்டில் ஓட்டும் பயிற்சி, எழுத்துப் பரீட்சை. எழுத்துப் பரீட்சைக்கு அவர் படித்த மாதிரி பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் தோட்டத்தில் கிளாக்கராகவே ஆகியிருக்கலாம்.

ஓட்டுப் பரீட்சையில் பெயிலானார். பாஷை புரியாததால் பெயில் என்று எல்லாரிடமும் சொன்னார். எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னார். ஒரு இறக்கம் வந்ததாம். கை தன்பாட்டில் போய் நியூட்ரல் போட்டுவிட்டதாம். பக்கத்தில் இருந்த பரீட்சகர் ஒன்றுமே பேசாமல் எழுதிக்கொண்டாராம்.

"நல்லா ஓட்டுறான்னு எழுதுறார்னு நெனச்சேன் பத்மா" என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அடுத்த முறை கையை அடக்கிக்கொண்டு பாஸாகிவிட்டார். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே கை பழைய குணத்துக்குத் திரும்பியது. வெளிச்சம் வைத்த இந்தப் பெரிய ரோடுகளிலும் அவர் பதுளை டீசலைத்தான் மிச்சம் பிடித்தார். எஞ்சினை மட்டும் நிறுத்துவதில்லை, இந்தக் கார்களில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்று பயம். எனக்கும் அவர்தான் ஓட்டக் கற்றுக் கொடுத்தார். "காலுக்குக் கீழ முட்ட இருக்குன்னு நெனச்சுக்க" என்பார்.

இங்கே இருக்கிற தமிழ் ஆட்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணப் பக்கம். எங்கள் பேச்சைக் கேட்டதும் "நீங்கள் இந்தியாவோ?" என்பார்கள். இல்லை, பதுளை என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போன தாரணி அவர்கள் பேச்சையும் எங்கள் பேச்சையும் கலந்து ஒரு புதுத் தமிழ் பேசினாள். நான் பேசு என்பேன், அவள் கதைங்க என்பாள். ரெண்டுக்கும் நடுவில் நோர்வே மொழி வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் வளர வளர அதுவே பெரிதாக உட்கார்ந்தது. வீட்டில் மூன்று பேர், சாப்பாட்டு மேசையில் நானும் அவரும் ஒரு பக்கம் பேசுவோம், அவள் போனோடு பேசுவாள்.

ஊரில் எண்ணெய் இல்லாமல் சனங்கள் பெட்ரோல் செட்டில் வரிசை கட்டிக் கிடந்த காலத்தை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணியின் மகன் ஆட்டோவுக்குள்ளேயே படுத்துக்கொண்டு எங்களுக்குப் போன் போடுவான். "மாமா, இன்னிக்கும் இல்லையாம்" என்பான். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு இவர் இன்னும் மெதுவாக ஓட்டினார். ஏற்றத்தில் கார் நடுங்கும், அப்போதும் கியரைக் குறைக்க மாட்டார். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான்.

"இங்க மிச்சம் புடிச்சா அங்க போய்ச் சேந்துருமாக்கும்?" என்று கேட்டேன்.

"சேராதுதான். மனசு கேக்கல" என்றார்.

4

தாரணி படித்து முடித்து, சிறு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பாலர் பள்ளி ஒன்றில் வேலைக்குப் போனாள். மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடம். மீன் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும் வழியில் அவளை ஏற்றிக்கொண்டு வருவது இவருக்குப் பெரிய சந்தோசம். வாசலில் நிறுத்தி, அவள் ஏறியதும், மேட்டிலேயே ரெண்டாம் கியரில் எடுப்பார். முதல் கியர் எண்ணெய் குடிக்கும் என்பது அவர் கட்சி. கார் ஒரு முறை இருமிவிட்டுக் கரும்புகையைக் கக்கிக்கொண்டு நகரும்.

ஒரு நாள் அந்தப் புகை வந்தபோது, பிள்ளையைக் கூட்டிப் போக வந்த ஒரு தாய் தள்ளுவண்டிக்குள் இருந்த குழந்தையின் முகத்தைக் கையால் மூடியிருக்கிறாள். தாரணி கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"அப்பா, இனி நீங்க அங்க வராதீங்க."

"ஏன் பாப்பா?"

"உங்கட கார் புகை கக்குது. சின்னப் பிள்ளைங்க இருக்கிற இடம் அது."

அவருக்குச் சுருக்கென்றது. "என் காரா? இந்த ஊர்ல என்னையவிடக் கம்மியா எண்ணெ எரிக்கிறவன் எவன் இருக்கான்? எண்ணெ கம்மின்னா புகையும் கம்மிதானே? கணக்குப் படிச்ச புள்ள தானே நீ?"

"கணக்கும் தெரியும் அப்பா. கண்ணும் தெரியும்."

"எத்தன பேர நான் இப்படி ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கேன் தெரியுமா?"

"அது அங்க. இது இங்க. அந்தப் பிள்ளைக்கு இங்கதானே மூச்சு விட வேணும்?"

அவர் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே "கண்ணும் தெரியுமாம்" என்று தனக்குள் சொன்னார். ரெண்டு பேருக்கும் ஒரே ரோசம். அவரிடம் போய் "விடுங்களேங்க, சின்னப் புள்ள" என்றால் "சின்னப் புள்ளயா அது?" என்பார். அவளிடம் போய் "அப்பா மனசு நோகுதுடி" என்றால் "உண்மையக் கதைச்சா நோகுமா?" என்பாள். எனக்கு நடுவில் நின்று வாய் வலித்ததுதான் மிச்சம்.

கொஞ்ச நாளில் அவள் சேமித்து ஒரு சின்ன மின்சாரக் கார் வாங்கிக்கொண்டு, தனியாக வீடு எடுத்துப் போய்விட்டாள். இங்கே பிள்ளைகள் போவது வழக்கம்தான், சண்டையால் போகவில்லை என்று அவள் சொன்னாள். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வருவாள். ரெண்டு பேரும் பேசுவார்கள், சாப்பிட்டியா, குளிரா, வேலையா என்று. காரைப் பற்றிய பேச்சு மட்டும் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டுகிற மழை. அவள் கார் சார்ஜில் கிடந்தது, பஸ்ஸில் வந்திருந்தாள். திரும்பும்போது இவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நடந்தே போறன் அப்பா, பஸ் கிட்டத்தான்" என்று சொல்லிவிட்டுக் குடையோடு இறங்கிவிட்டாள். எங்கள் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒரே இறக்கம். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இவர் காரை எடுத்து, நியூட்ரலில் போட்டு, சத்தமில்லாமல் அவள் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு போனார். கண்ணாடியை இறக்கியிருந்தார். அவர் தலை குனிந்து என்னவோ சொன்னது தெரிந்தது. அவள் தலையாட்டிக்கொண்டே நடந்தாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள். வீட்டுக்கு வந்தவரின் சட்டை ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"என்னங்க சொன்னீங்க?"

"புகையே வரல பாரு, ஏறும்மான்னேன்."

அதற்கு அடுத்த வாரம் தொழிற்சாலையில், சாப்பாட்டு இடைவேளையில், மேசையில் தலை வைத்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

இங்கே சாம்பலை நினைத்த தண்ணீரில் கரைக்க முடியாது. எந்த இடம், ஏன் அந்த இடம் என்று எழுதி அனுமதி வாங்க வேண்டும். தாரணிதான் எழுதினாள். திறந்த கடல் என்று இடத்தைச் சொல்லி, ஏன் என்ற இடத்தில், அது எல்லாப் பக்கமும் போகும் என்று எழுதினாளாம். அனுமதி வந்தது. ரெண்டு பேரும் படகில் போய்க் கரைத்தோம். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, எனக்கு அது பயமாக இருந்தது. தொழிற்சாலை வாசலில் நின்ற காரை எடுத்து வரப் போனபோதும் கூட வந்தாள். ஏறும்மா என்றேன். அவரைப் போலவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் முகம் செத்துப்போனது. பஸ்ஸில் வருகிறேன் என்று போய்விட்டாள்.

5

பரிசோதனையில் பெயிலான கதையை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குப் பெரிய யோசனை. சொன்னால், நீ சொன்னதுதான் சரி, உங்கப்பா சொன்னது பிழை என்று செத்த மனுசனைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாமல் காரை உடைக்கக் கொடுத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் பழைய டீசல் காரைக் கொடுப்பவர்களுக்கு நல்ல பெயர்கூட உண்டு. ஆனால் சாவியைக் கொடுக்கக் கை வரவில்லை.

திதிக்கு முதல் நாள் சமையலுக்கு உதவ வந்தாள். தேங்காய் துருவிக்கொண்டே, என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா?" என்றாள். பொய் சொல்ல எனக்கு எப்போதும் வராது. சொல்லிவிட்டேன். கரி, காற்று, மேல் கியர், நியூட்ரல், எல்லாம்.

துருவுவதை நிறுத்திவிட்டாள். "அப்ப நான் சொன்னது சரி" என்றாள்.

"சரிதாம்மா."

"நான் சரியா இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்மா. ஒரு வருசமா அதத்தான் நெனச்சிட்டு இருக்கேன். நான் பிழை, அப்பாதான் சரின்னு யாராவது சொல்லணும்னு" என்று சொல்லி, தேங்காய்க் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு வருடத்து அழுகை. நான் அவள் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடங்கியதும் சொன்னேன். "உங்கப்பா சொன்னதும் பொய் இல்லடி. அந்தப் புள்ளயே சொன்னா, மேல் கியர்ல ஓட்டுனா எண்ணெ மிச்சந்தானாம். எண்ணெ கம்மி, கரி ஜாஸ்தி. அவர் எண்ணெயப் பாத்தாரு, நீ கரியப் பாத்த."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு பேரும் சரியா? அப்ப நாங்க ஏன்மா கோவிச்சுக்கிட்டு இருந்தோம்?"

அந்தக் கொண்டை போட்ட பெண் அஞ்சு நிமிசத்தில் சொன்னதை அன்றைக்கே ஒருத்தர் வந்து சொல்லியிருக்கக் கூடாதா? அங்கே உயிரைக் காப்பாற்றிய பழக்கம் இங்கே புகையாகிப்போகும் என்று அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் அன்றே மாற்றிக்கொண்டிருப்பார். பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கிற ஆளா அவர்? எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது, அவள் மேலும் வந்தது, அந்தக் கார் மேலும் வந்தது. அடுப்பில் ரொட்டி கருகிவிட்டது.

கராஜ் பெண் ஒரு வைத்தியம் சொல்லியிருந்தாள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, பெரிய ரோட்டில், கீழ் கியரில், அரை மணி நேரம் ஓங்கி மிதித்து ஓட்ட வேண்டும். உள்ளே அப்பிய கரி எரிந்தும் பறந்தும் போய்விடும். அதற்குப் பிறகு மறுபடி அளந்து பார்க்கலாம் என்றாள்.

"அந்தக் கரி எல்லாம் அப்பா ஓட்டினதுதானே?" என்று தாரணி கேட்டாள்.

"வேற யாரு?"

தேங்காய்க் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு கியர் கார் ஓட்ட லைசென்ஸ் இல்ல. நீங்க ஓட்டுங்க, நான் கூட வாறன்" என்றாள்.

படையல் முடிந்த மறுநாள் காலை போனோம். ஞாயிற்றுக்கிழமை, ரோட்டில் ஆள் இல்லை. அவள் காரின் கதவைத் திறந்து, ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் ஏறி பெல்ட் போட்டாள். எந்த வழி என்று அவளே சொன்னாள். வீடுகள் இருக்கிற பக்கம் வேண்டாம், டனலுக்குள்ளும் வேண்டாம், அதற்குள் புகை நின்றுவிடும், பின்னால் வருகிறவர்கள் மூச்சு விட வேண்டும் என்றாள். கடலோரமாகப் போகிற ரோட்டைக் காட்டினாள்.

"மிதிங்கம்மா."

"மிதிச்சுக்கிட்டுத்தானேடி இருக்கேன்."

"இது மிதியா? இன்னும்."

காலுக்குக் கீழே முட்டை இருக்கிறது என்று கற்றுக் கொடுத்த மனுசனின் காரை நான் அப்படி மிதித்தேன். மூன்றாம் கியரில் எஞ்சின் போட்ட அலறலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அவருக்கு முன்னால் நின்று கத்திச் சண்டை போடுவது போல இருந்தது. என்னை மன்னிச்சுக்கங்க என்று வாய்விட்டே சொன்னேன். பின்னால் கண்ணாடியில் கரும்புகை குபுகுபுவென்று வந்தது. தாரணி இருக்கையில் மண்டிபோட்டுத் திரும்பி, பின் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெல்ட்டைச் சரியாப் போடுடி என்றேன், அவள் காதில் விழவில்லை.

"இன்னும் வருதா?"

"வருது."

ஒரு மேடு ஏறினோம். ஒரு பாலம் தாண்டினோம்.

"இன்னுமா?"

"கொஞ்சம் வருதும்மா."

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

"இப்ப?"

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு, "இல்லம்மா. முடிஞ்சுது" என்றாள். திரும்பி நேராக உட்கார்ந்துகொண்டாள். நான் ஓரமாக நிறுத்தினேன். படகில் போய்ச் சாம்பலைக் கரைத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

6

மறு பரிசோதனைக்குத் தாரணியும் கூட வந்தாள், பாஸாகிவிட்டது. அளவு நன்றாகக் குறைந்துவிட்டது என்று அந்தப் பெண் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். இனி இறக்கத்தில் கியரிலேயே விடுங்கள், மேட்டில் கியரைக் குறைத்து ஓட்டுங்கள் என்று மறுபடியும் சொல்லி அனுப்பினாள். சரி சேர் என்றேன். இந்த முறை மூன்று பேருமே சிரித்தோம்.

திரும்பும்போதும் தாரணி முன்சீட்டில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள். நான் அந்தப் பெண் சொன்னபடியே ஓட்டினேன். மேட்டில் கியரைக் குறைத்தேன், எஞ்சின் இரைந்தது, பரவாயில்லை என்று விட்டேன். எங்கள் தெருவுக்கு மேல் பக்கமாக வந்தோம். அங்கிருந்து வீட்டு வாசல் வரை இறக்கம். என் கை தன்பாட்டில் கியருக்குப் போனது. ஞாபகம் வந்து கையை எடுக்கப் பார்த்தேன்.

அவள் என் கைக்கு மேல் தன் கையை வைத்தாள். தடுக்கிறாள் என்று நினைத்தேன்.

"போடுங்கம்மா" என்றாள். "இன்னைக்கு மட்டும்."

"ஒரு சொட்டும் மிச்சமாகாதாம்டி. கூடத்தான் குடிக்குமாம்."

"தெரியும்."

நியூட்ரல் போட்டேன். எஞ்சின் அடங்கியது. ஈர ரோட்டில் டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"சின்ன வயசில நான் ஜன்னல் பக்கத்தில படுத்துக் கிடப்பேன்" என்றாள். "மத்த கார் எல்லாம் உறுமிட்டுத்தான் வரும். அப்பா வந்தா மட்டும் ஒரு சத்தமும் இருக்காது. திடீர்னு ஹேண்ட் பிரேக் இழுக்கிறது மட்டும் கேக்கும். அதுக்குப் பிறகுதான் எனக்கு நித்திரை வரும்."

அவள் அதை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை.

கார் மெல்ல உருண்டு வாசலில் வந்து நின்றது. நான் கையைக் கொண்டுபோவதற்குள் தாரணி குனிந்து, ஹேண்ட் பிரேக்கைத் தானே இழுத்தாள்.